முற்றம் வைத்துக் கட்டிய கப்பல்

உல்லாசக் கப்பலில் ஜன்னலும் பால்கனியும் உள்ள அறைக்குத்தான் மவுசு. ஆனால் கப்பலை அகலமாக்க ஆக்க, நடுவில் வெளிச்சமே எட்டாத அறைகள்தான் பெருகும். அமெரிக்காவின் ராயல் கரீபியன் நிறுவனம் 'ஜெனசிஸ்' என்ற பெயரில் திட்டமிட்ட ராட்சதக் கப்பல், இந்தச் சிக்கலுக்குப் புது வழி கண்டது.

நம் பழைய வீடுகளைப் போல நடுவில் முற்றம் விட்டார்கள். மேல்தளங்கள் இரண்டு வரிசைகளாகப் பிரிந்து இருபுறமும் எழும்ப, இடையில் வானம் பார்த்த வெளி கிடைத்தது. எட்டாவது தளத்தில் நிஜச் செடிகொடிகளோடு பூங்கா அமைந்தது. கடலைப் பார்க்க முடியாத உள்ளறைகளுக்கும் முற்றத்தை நோக்கிப் பால்கனி வாய்த்தது.

இப்படிப் பிறந்ததுதான் 'ஓயாசிஸ்' வகை. முதல் கப்பலான 'ஓயாசிஸ் ஆஃப் தி சீஸ்' பின்லாந்தின் துர்கு நகரில் உருவாகி 2009-இல் பயணம் தொடங்கியது. அதன் மொத்த டன் அளவு சுமார் 2,25,000. இது எடையல்ல, கப்பலின் மூடிய உள்ளிடத்தின் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடும் எண். 2006-இல் வந்த அதே நிறுவனத்தின் 'ஃப்ரீடம்' கப்பலுக்கு இது சுமார் 1,54,000தான்.

ஓயாசிஸுக்குச் சுக்கான் கிடையாது. அடியில் தொங்கும் மூன்று மின்உந்திகள், ஒவ்வொன்றும் 20 மெகாவாட், முழு வட்டமாகத் திரும்பிக் கப்பலைச் செலுத்துகின்றன.

உயரமும் சோதித்தது. பால்டிக் கடலை விட்டு வெளியேற டென்மார்க்கின் கிரேட் பெல்ட் பாலத்தைக் கடக்க வேண்டும். பாலத்தின் அடியில் இருப்பது 65 மீட்டர். கப்பலோ நீர்மட்டத்துக்கு மேல் 72 மீட்டர். அதற்காகவே புகைபோக்கிகளை உள்ளிழுத்துத் தாழ்த்தும்படி செய்திருந்தார்கள். ஆழம் குறைந்த நீரில் வேகமாகப் போனால் கப்பல் சற்றுத் தாழும் என்பதால் வேகத்தையும் கூட்டினார்கள். சுமார் இரண்டடி இடைவெளியில் கப்பல் தப்பியது.

2024-இல் அதே துர்கு கப்பல் கட்டும் தளத்திலிருந்து வந்த 'ஐகான்' வகை, 2,48,663 டன் அளவோடு ஓயாசிஸையும் மிஞ்சிவிட்டது. அதிலும் பூங்கா முற்றம் உண்டு. இத்தகைய கப்பலில் அறை எடுப்பவர்கள், பால்கனி கடலைப் பார்க்கிறதா, முற்றத்தைப் பார்க்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முற்றத்துப் பால்கனிக்குப் பெரும்பாலும் கட்டணம் குறைவு. ஆனால் எதிரே தெரிவது அடுத்தவர் பால்கனிதான்.