சமபலம் கொண்ட இரு அணிகள்



ஒரு போட்டி முடிந்ததும் "யார் வென்றது?" என்று கேட்கிறோம். உடனே அடுத்த கேள்வி, "யாரால் தோற்றது?" என்பது. இந்த இரண்டாவது கேள்வி எப்போதும் நியாயமானதுதானா? 1991ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவில் நடந்த பேஸ்போல் 'உலகத் தொடர்' இறுதிப் போட்டிகளைச் சற்று நோக்குங்கள்.

பேஸ்போல் கிரிக்கட்டுக்கு உறவுமுறையான விளையாட்டு. பந்தை அடித்தவர் மூன்று தளங்களையும் தொட்டுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஓர் ஓட்டம். இரு அணிகளும் மாறி மாறி ஒன்பது இன்னிங்ஸ் ஆடும். அப்போதும் சமநிலை என்றால், ஓர் அணி முந்தும் வரை ஆட்டம் நீளும். இறுதித் தொடரில் முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணியே சம்பியன்.

அந்த ஆண்டு மோதியவை மினசோட்டா ட்வின்ஸ், அட்லாண்டா பிரேவ்ஸ் என்ற இரு அணிகள். 1990இல் இரண்டும் தத்தமது பிரிவில் கடைசி இடத்தில் கிடந்தவை! மறு ஆண்டே இரண்டும் எழுந்து நின்றன. பருவகாலத்தின் 162 ஆட்டங்களில் மினசோட்டா 95ஐ வென்றது. அட்லாண்டா 94ஐ வென்றது. வித்தியாசம் ஒரே ஓர் ஆட்டம்.

இறுதித் தொடரிலும் அப்படித்தான். முதல் இரண்டு ஆட்டங்களையும் மினசோட்டா தன் சொந்த மைதானத்தில் வென்றது. அடுத்த மூன்றையும் அட்லாண்டா தன் மைதானத்தில் வென்றது. ஆறாவது ஆட்டத்துக்காக மீண்டும் மினசோட்டா வந்தார்கள். பதினோராவது இன்னிங்சில் கேர்பி பக்கெட் பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து மினசோட்டாவைக் காப்பாற்றினார். தொடர் 3-3.

ஒக்டோபர் 27. ஏழாவது ஆட்டம். மினசோட்டாவுக்காகப் பந்தெறிந்தவர் 36 வயதான ஜாக் மொறிஸ். அட்லாண்டாவுக்காக 24 வயதான ஜோன் ஸ்மோல்ற்ஸ். சிறுவயதில் மொறிஸின் ஆட்டத்தைப் பார்த்து வியந்தவர்தான் இந்த ஸ்மோல்ற்ஸ்! ஏழு இன்னிங்ஸ் முடிந்தும் இரு பக்கமும் ஓர் ஓட்டமும் இல்லை.

எட்டாவது இன்னிங்சில் அட்லாண்டாவின் லொனி ஸ்மித் முதல் தளத்தில் நின்றார். அடுத்து ஆடிய பென்டில்டன் பந்தைத் தூர அடித்தார். ஸ்மித் ஓடினார். ஆனால் பந்து போன திசையை அவர் கவனிக்கவில்லை. மினசோட்டாவின் நொப்ளோக், பந்தைப் பிடித்து எறிவதுபோலப் பாவனை செய்தார். இரண்டாம் தளத்தருகே ஸ்மித் தயங்கினார். சில விநாடிகள்தான். ஓட்டமாக முடிந்திருக்க வேண்டியது மூன்றாம் தளத்தோடு நின்றுவிட்டது. பத்தாவது இன்னிங்சில் ஜீன் லார்கின் அடித்த அடியில் மினசோட்டா 1-0 என வென்றது. மொறிஸ் பத்து இன்னிங்சும் தாமே பந்தெறிந்து முடித்தார்.

பழி முழுவதும் ஸ்மித்தின் தலையில் விழுந்தது. ஆனால் கணக்கைப் பாருங்கள். அட்லாண்டாவில் நடந்த மூன்று ஆட்டங்களிலும் பந்தை எல்லைக்கு அப்பால் அடித்தவர் இதே ஸ்மித். அன்று அவர் மூன்றாம் தளத்தில் நின்றபோது அட்லாண்டாவில் ஒருவரும் ஆட்டமிழந்திருக்கவில்லை. பின்னால் ஆடியவர்களில் ஒருவராலும் அவரை ஓடவைத்து ஓட்டம் சேர்க்க முடியவில்லை. அந்தத் தவறு யாருடையது?

இன்னொன்றையும் கேளுங்கள். ஏழு ஆட்டங்களிலும் அட்லாண்டா பெற்ற ஓட்டங்கள் 29. வென்ற மினசோட்டா பெற்றவை 24. ஐந்து ஆட்டங்கள் ஒரே ஓட்ட வித்தியாசத்தில் முடிந்தவை. ஏழையும் வென்றது அந்தந்த மைதானத்துக்குச் சொந்தமான அணியே. ஏழாவது ஆட்டம் அட்லாண்டாவில் நடந்திருந்தால்?

சமபலம் கொண்ட இருவர் மோதினால் ஒருவர் தோற்றுத்தான் ஆகவேண்டும். அதற்காக ஒரு குற்றவாளியைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை. பாடசாலை விளையாட்டுப் போட்டியில் ஒரு புள்ளியால் தோற்று, முகம் வாடி வீடு வரும் உங்கள் பிள்ளையிடம் "உன்னால்தானே போனது" என்று சொல்லுமுன், லொனி ஸ்மித்தை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.