சந்தேகக் கோப்புக்கு ஒரு சோதனைக் கூடம்: கணினிக்குள் இன்னொரு கணினி

தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை வீடு தேடி வந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அது புலனத்தைத் தேடி வருகிறது. படமாக வந்தால் பார்த்து மகிழலாம். ஆனால், அண்மைய ஆண்டுகளில் 'திருமண அழைப்பிதழ்' என்ற பெயரோடு, 'ஏபிகே' என்று முடியும் கோப்புகளும் நம் நாட்டில் வலம் வருகின்றன. காவல்துறையும் வங்கிகளும் இவற்றைப் பற்றிப் பலமுறை எச்சரித்துவிட்டன.

படத்துக்கும் ஏபிகே கோப்புக்கும் என்ன வேறுபாடு? படம் என்பது நாம் பார்க்கும் பொருள். ஏபிகே என்பது ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வேலை செய்யும் நிரல். விண்டோஸ் கணினியில் 'இஎக்ஸ்இ' என்று முடியும் கோப்பும் அப்படித்தான். திறந்தால் அது நமக்கு எதையும் காட்டவேண்டிய கட்டாயம் இல்லை. தன் வேலையைத் தொடங்கிவிடும். குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். நாமும் யோசிக்காமல் 'சரி' என்று அழுத்திவிடுவோம். பிறகு வங்கி அனுப்பும் டேக் எண் நமக்கும் வரும், மோசடிக்காரனுக்கும் போகும். போலிப் பக்கம் ஒன்றைக் காட்டி வங்கிக் கடவுச்சொல்லையும் வாங்கிக்கொண்டால், ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் சில நிமிடங்களில் காணாமற்போகும். குறுஞ்செய்தி வழி அனுப்பும் எண்ணைக் கைவிட்டு வேறு பாதுகாப்பு முறைக்கு மாறும்படி, 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளைப் பணித்ததற்கு இதுவே காரணம்.

சரி, கைக்கு வந்த ஒரு கோப்பு நல்லதா கெட்டதா என்று எப்படி அறிவது? ஒரு நிரல் என்ன செய்யும் என்று அறிய நேரான வழி, அதை ஓடவிட்டுப் பார்ப்பதுதான். ஆனால், ஓடவிட்டால் ஆபத்து. பாம்புக்கு நஞ்சு உண்டா என்று அறிய விரலை நீட்ட முடியாதல்லவா!

இந்தச் சிக்கல் அறிவியல் மாணவர்களுக்குப் புதிதன்று. வேதியியல் கூடத்தில் குளோரின் வாயுவைத் தயாரிக்கும்போது, அதை மேசைமேல் வைத்துச் செய்வதில்லை. கண்ணாடிக் கதவும் காற்றை வெளியேற்றும் விசிறியும் கொண்ட 'கெபுக் வாசாப்' பெட்டிக்குள் செய்கிறோம். வினை நடக்கும், நாம் பார்ப்போம், வாயு நம்மைத் தொடாது. கணினி ஆய்வாளர்களுக்கும் அப்படியொரு பெட்டி இருக்கிறது. அதன் பெயர் மெய்நிகர் கணினி.

கோப்பாகிவிட்ட கணினி

மெய்நிகர் கணினி என்பது நம் கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி. 16 ஜிகாபைட் நினைவகம் உள்ள மடிக்கணினியில் 4 ஜிகாபைட்டை அதற்கு ஒதுக்கலாம். அதன் வன்தட்டு உண்மையில் ஒரு தட்டே அன்று. நம் வன்தட்டில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பு. உள்ளே ஒரு விண்டோஸையோ லினக்ஸையோ நிறுவினால், தான் ஓர் உண்மையான கணினியில் இருப்பதாகவே அது எண்ணிக்கொள்ளும்.

இந்த நாடகத்தை நடத்துவது 'ஹைப்பர்வைசர்' என்னும் மேற்பார்வை நிரல். கூட்டல், கழித்தல் போன்ற சாதாரணக் கட்டளைகளை அது உண்மையான சிபியுவிலேயே நேராக ஓடவிடும். அதனால் வேகம் அதிகம் குறைவதில்லை. ஆனால், வன்தட்டில் எழுது, நினைவகத்தின் ஒழுங்கை மாற்று போன்ற அதிகாரம் மிக்க கட்டளை வந்தால் உடனே தடுத்து நிறுத்தி, தன் பொறுப்பில் உள்ள போலிச் சாதனங்களைக் கொண்டு நிறைவேற்றும். உள்ளே இருக்கும் நிரல் 'வன்தட்டை அழித்துவிட்டேன்' என்று நினைக்கும். அழிந்தது ஒரு கோப்பு மட்டுமே.

இது நேற்று வந்த யோசனை அன்று. 1960களில் ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் ஆய்வு மையம், ஒரே பெரிய கணினியைப் பலரும் ஆளுக்கொரு கணினிபோல் பயன்படுத்த இதை உருவாக்கியது. 1972இல் விஎம்/370 என்ற பெயரில் அது வெளியிடப்பட்டது. 1974இல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்டுபர்க் இருவரும் மெய்நிகர் கணினிக்கு வேண்டிய மூன்று இலக்கணங்களை வகுத்தனர்: உள்ளே நிரல் உண்மையான கணினியில் ஓடுவதுபோலவே ஓட வேண்டும், வேகம் பெரிதாகக் குறையக் கூடாது, எல்லா வளங்களும் மேற்பார்வை நிரலின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். 1999இல் விஎம்வேர் நிறுவனம் இதை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2005இல் இன்டெல்லும் அடுத்த ஆண்டு ஏஎம்டியும் சிபியுவிலேயே இதற்கான வசதியைச் சேர்த்தன.

ஜோகூர்க்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தியும் அன்று. கூலாய், செடெனாக், இஸ்கண்டார் புத்ரி பக்கம் போனால், தரவு மையக் கட்டடங்கள் வரிசையாய் எழுந்திருப்பதைக் காணலாம். மேகக் கணிமை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, இத்தகைய கட்டடங்களில் உள்ள சேவையகங்கள் ஒவ்வொன்றிலும் ஓடும் பல மெய்நிகர் கணினிகள்தாம்.

கோப்பை உள்ளே ஏற்றுவது எப்படி?

ஆய்வாளர் செய்யும் முதல் வேலை, சுத்தமான மெய்நிகர் கணினியை அப்படியே 'உறைநிலைப் பதிவு' எடுத்து வைப்பது. அது ஒரு புகைப்படம் போன்றது; பின்னர் என்ன நடந்தாலும் அந்த நிலைக்கே திரும்பிவிடலாம்.

அடுத்து, சந்தேகக் கோப்பை உள்ளே ஏற்ற வேண்டும். கவனம் மிக வேண்டிய கட்டம் இது. வெளிக்கணினிக்கும் உள்கணினிக்கும் பொதுவாக ஒரு கோப்புறையைத் திறந்து வைக்கும் வசதி பல மென்பொருள்களில் உண்டு. சுலபம்தான். ஆனால், உள்ளே ஓடுவது கோப்புகளைப் பூட்டிப் பணயம் கேட்கும் நிரலாக இருந்தால், அந்தப் பொதுக் கோப்புறை வழியாக நம் உண்மையான கோப்புகளையும் பூட்டிவிடும். சோதனைப் பெட்டியின் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு குளோரின் தயாரித்ததற்கு ஒப்பாகும் அது.

ஆகவே, சந்தேகக் கோப்பை முதலில் கடவுச்சொல் போட்ட ஜிப் பொட்டலமாகக் கட்டுவர். தவறிக் கை பட்டாலும் அது ஓடாது. உலகெங்கும் உள்ள ஆய்வாளர்கள் இதற்குப் பயன்படுத்தும் கடவுச்சொல்கூட வழக்கமான ஒன்றுதான்: 'தொற்றியது' என்று பொருள்படும் 'இன்ஃபெக்டட்' என்ற ஆங்கிலச் சொல். பொட்டலத்தை, படிக்க மட்டுமே முடிந்த மெய்நிகர் குறுவட்டாக உள்ளே செருகுவர். அதன்பின் பொதுக் கோப்புறை, ஒட்டுப்பலகை, யுஎஸ்பி இணைப்பு எல்லாவற்றையும் துண்டிப்பர். இணையத்தையும் நிறுத்திவிட்டு, எதைக் கேட்டாலும் 'இதோ இருக்கிறேன்' என்று பதில் சொல்லும் போலி இணையம் ஒன்றை வைப்பர்.

பிறகுதான் கோப்பை ஓடவிடுவர். எந்தக் கோப்பைத் தொடுகிறது, கணினி தொடங்கும்போது தானும் தொடங்க ஏற்பாடு செய்கிறதா, எந்த முகவரியோடு பேச முயல்கிறது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்வர். வேலை முடிந்ததும் உறைநிலைப் பதிவுக்குத் திரும்பினால், எதுவுமே நடக்காததுபோல் ஆகிவிடும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இஎக்ஸ்இ கோப்புக்கு விண்டோஸ் வேண்டும். ஏபிகே கோப்புக்கு ஆண்ட்ராய்டு வேண்டும். பெட்டி மாறினால் சோதனை நடக்காது.

கூடங்குளம் சொல்லும் பாடம்

2019 அக்டோபர் இறுதியில் ஒரு கோப்பு பலரது கவனத்தை ஈர்த்தது. சந்தேகக் கோப்புகளை ஏற்றிப் பல்வேறு நச்சுநிரல் எதிர்ப்பிகளால் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் அது கிடைத்தது. 'டிட்ராக்' என்னும் உளவு நிரலின் ஒரு வடிவம் அது. விசை அழுத்தங்கள், உலாவி வரலாறு, கோப்புப் பட்டியல் ஆகியவற்றைத் திரட்டும் நிரல். அதன் வயிற்றுக்குள் ஒரு கட்டளையும், அதில் 'கேகேஎன்பிபி' என்ற சுருக்கப் பெயரும் பொதிந்திருந்தன. தமிழ்நாட்டில் திருநெல்வேலி மாவட்டத்தில் உள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பெயர் அது.

அக்டோபர் 29இல் நிலையம் தாக்குதல் செய்தியை மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், நச்சுநிரல் கண்டுபிடிக்கப்பட்டது உண்மை என்று ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4ஆம் தேதியே இந்தியாவின் கணினி அவசரநிலைக் குழு தகவல் தந்திருந்தது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினி. முக்கிய உள் வலையமைப்பு அதனோடு இணைக்கப்படவில்லை. நிலையத்தின் இயக்கம் பாதிக்கப்படவில்லை என்று கழகம் அறிவித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? அந்தக் கட்டளை தேடிய முகவரி, ஒரு நிறுவனத்தின் உள் வலையமைப்புக்குள் மட்டுமே பொருள்படும் முகவரி. வெளியே எந்தப் பெட்டிக்குள் ஓடவிட்டாலும் அந்தக் கட்டளைக்கு இலக்கு கிடைக்காது. ஓடவிட்டு மட்டும் பார்த்தவருக்குப் பாதிக் கதைதான் தெரியும். கோப்பைத் திறந்து உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவருக்கே கூடங்குளத்தின் பெயர் கண்ணில் பட்டது. ஆகவேதான் ஓடவிட்டுப் பார்ப்பது, ஓடவிடாமல் படிப்பது இரண்டும் ஆய்வுக்கு வேண்டும்.

பெட்டியை மோப்பம் பிடிக்கும் நிரல்கள்

நச்சுநிரல் எழுதுவோரும் சும்மா இருப்பதில்லை. 'நான் மெய்நிகர் கணினிக்குள் இருக்கிறேனா?' என்று சோதிக்கும் நிரல்கள் உண்டு. சாதனங்களின் பெயரைப் பார்க்கும். சுட்டி அசைகிறதா என்று பார்க்கும். அல்லது பல மணி நேரம் உறங்குவதுபோல் நடிக்கும். சந்தேகம் வந்தால் சாதுவாகிவிடும்.

இதோடு தொடர்புடைய ஒரு சுவையான நிகழ்வு 2017 மே 12இல் நடந்தது. வானாகிரை என்னும் பணய நிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவியது. பிரிட்டனில் மருத்துவமனைகள்கூட நிலைகுலைந்தன. மார்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது ஆய்வாளர் அதைச் சோதித்தபோது, யாருமே பதிவு செய்யாத நீண்ட, பொருளற்ற இணைய முகவரி ஒன்றை அது தேடுவதைக் கண்டார். சுமார் 10 டாலர் செலவில் அதைத் தம் பெயரில் பதிவு செய்தார். பரவல் அடங்கியது! அந்த முகவரி பதில் சொன்னால் வேலையை நிறுத்திவிடும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது. ஏன் அப்படி? போலி இணையத்தில் எல்லா முகவரியும் பதில் சொல்லும் என்றோமே. பதில் வந்தால் 'இது சோதனைப் பெட்டி' என்று அறிந்து ஒதுங்க வைத்த ஏற்பாடாக இருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. ஒளிந்துகொள்ள வைத்த தந்திரமே அதை நிறுத்தும் பொத்தானாக மாறிற்று.

பெட்டியிலும் விரிசல் விழலாம். 2015 மே மாதம் 'வெனம்' என்ற குறைபாடு வெளியானது. இன்று யாரும் தொடாத நெகிழ்வட்டு இயக்கியின் மெய்நிகர் வடிவத்தில் இருந்த பிழை அது. அதன் வழியே உள்ளிருக்கும் நிரல் வெளிக்கணினியை அடைய முடியும். ஹைப்பர்வைசரைப் புதுப்பித்து வைக்கவேண்டும் என்பதற்கும், தேவையற்ற சாதனங்களை நீக்கவேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

மாணவர்களும் பெற்றோரும் செய்யக்கூடியவை

கணினி அறிவியல் படிக்கும் படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் இலவசமாகக் கிடைக்கும் வெர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, லினக்ஸை ஏற்றிப் பழகலாம். விண்டோஸ் புரோ பதிப்பில் 2019 முதல் 'விண்டோஸ் சாண்ட்பாக்ஸ்' என்னும் பெட்டி உண்டு. மூடியதும் உள்ளிருப்பது அழிந்துவிடும். நீங்களே எழுதிய நிரல்களை, நம்பகமான தளத்தில் இறக்கிய மென்பொருள்களை அதில் சோதியுங்கள். உண்மையான நச்சுநிரலைத் தேடிப்பிடித்து விளையாட வேண்டாம். பள்ளிக் கணினியிலோ பிறர் கணினியிலோ அனுமதியின்றிக் கைவைப்பது, 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டத்தின்கீழ் குற்றமாகும்.

வைரஸ்டோட்டலில் கோப்பை ஏற்றிப் பார்க்கலாம். ஆனால், அங்கு ஏற்றுவதைப் பாதுகாப்பு நிறுவனங்களும் பார்க்க முடியும். அடையாள அட்டை நகல், சம்பளச் சீட்டு போன்றவற்றை ஏற்றாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் அறிவியல் உண்மை: சோதனையில் எதுவும் நடக்கவில்லை என்றால், 'எதுவும் நடக்கவில்லை' என்று மட்டுமே பொருள், 'பாதுகாப்பானது' என்று பொருள் அன்று. ஆகவே, புலனத்தில் வரும் ஏபிகே கோப்பைப் பெற்றோர் சோதிக்கவே வேண்டியதில்லை, அழித்துவிடுங்கள். உறவினர் பெயரில் வந்திருந்தால் அவரை அழைத்துக் கேளுங்கள். அவருடைய கணக்கே திருடப்பட்டிருக்கலாம்.

தவறி நிறுவிவிட்டீர்களா? முதலில் கைப்பேசியின் இணையத்தைத் துண்டியுங்கள். வேறு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கு அழைத்து, காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றப்படும் முன் தடுக்க வேண்டும் என்பதால், இதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. வெட்கப்பட்டு மறைத்துக் காலம் கடத்துவதே மோசடிக்காரனுக்கு நாம் செய்யும் பெரிய உதவி. இதை இன்றிரவே வீட்டில் உள்ள தாத்தா பாட்டியிடமும் சொல்லி வையுங்கள்.