நட்டஈட்டுக் காசும் முதுமைக் காலமும்

கண்டியிலிருந்து மகியங்கனை போகும் வீதியில் திகனவைக் கடந்ததும் விக்டோரியா நீர்த்தேக்கம் கண்ணில் படும். கடும் வரட்சியான வருடங்களில் நீர்மட்டம் இறங்க, மூழ்கிப்போன பழைய தெல்தெனிய நகரத்தின் சுவர்களும் வழிபாட்டிடங்களின் எச்சங்களும் சேற்றுக்கு மேலே தெரியும். அயலூர்களிலிருந்து சனங்கள் பார்க்கப் போவார்கள். தங்கள் வயல் எந்தப் பக்கம், கடை எந்தப் பக்கம் என்று முதியவர்கள் பேரப்பிள்ளைகளுக்குக் கைகாட்டுவார்கள். அந்த வயலோடும் வீட்டோடும் சேர்ந்து ஒரு தலைமுறையின் முதுமைக்கால வருமானமும் அந்தச் சேற்றுக்குள் கிடக்கிறது. அதைப் பற்றியே இங்கு பேச விரும்புகிறோம்.

துரித மகாவலித் திட்டத்தின் கீழ் பிரித்தானிய உதவியுடன் கட்டப்பட்ட இந்த அணையின் உயரம் 122 மீற்றர். 1985 ஏப்ரல் 12 ஆம் திகதி பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தட்சரும் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனவும் சேர்ந்து அதைத் திறந்து வைத்தனர். தும்பரப் பள்ளத்தாக்கின் நெல்வயல்களும் புகையிலைத் தோட்டங்களும் நீருக்குள் போயின. எழும்ப நேர்ந்த குடும்பங்களில் ஒரு பகுதி பதினெட்டு வளைவுகளால் இறங்கி மகாவலி ‘சீ’ வலயத்துக்குப் போனது. அங்கே இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் மேட்டுக்காணியும் கொடுக்கப்பட்டன. பிறந்த மண்ணை விட்டுத் தூரம் போக மனமில்லாதவர்கள் சிறிய துண்டுக் காணிகளை ஏற்றுக்கொண்டு மலைநாட்டிலேயே தங்கினர். இழந்த காணிக்கும் வீட்டுக்கும் மரங்களுக்கும் மதிப்பீடு செய்து நட்டஈடும் கொடுக்கப்பட்டது.

மதிப்பீட்டு உத்தியோகத்தர் தென்னை மரத்தை எண்ணுவார், வயலை அளப்பார், சுவர் செங்கல்லா களிமண்ணா என்று பார்ப்பார். அவர் எண்ணாத ஒன்று உண்டு. கமக்காரன் ஒருவன் அறுபது வயதுக்குப் பின் மண்வெட்டி பிடிக்க முடியாமல் போனாலும், காணி அவன் பெயரில் இருக்கும் வரை அவன் வீட்டில் நெல் இருக்கும். குத்தகைக்குக் கொடுக்கலாம், அரைவாசிக்கு விடலாம், மகன் செய்தால் மகனோடு சாப்பிடலாம். தகப்பன் சொல்லுக்கு வீட்டில் மதிப்பும் இருக்கும், ஏனென்றால் உறுதி அவர் பெட்டியில் இருக்கிறது. ஆகவே காணிக்குள் ஓர் ஓய்வூதியம் ஒளிந்திருந்தது. காணி போனபோது அதுவும் போனது. கையில் வந்த காசில் ஒரு பங்கு அந்த ஓய்வூதியத்துக்கு உரியது. யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் அந்தப் பங்குதான் பெரும்பாலும் முதலில் செலவானது.

இதைக் குடியும் வீண்செலவும் என்று பழி சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எமக்கு அதில் உடன்பாடில்லை. இழப்பின் பின் கைக்கு வரும் பணத்துக்குத் தனியான ஒரு கனம் இருக்கிறது. வேர்வை சிந்திச் சம்பாதித்த காசை எண்ணி வைப்பவர்கள்கூட, இந்தக் காசை விரைவில் வேறொன்றாக மாற்றிவிடத் துடிப்பார்கள். புது இடத்தில் ‘அகதி’, ‘வந்தேறி’ என்ற பேச்சு காதில் விழும். நாங்கள் கௌரவமாக வாழ்ந்தவர்கள் என்று காட்ட ஒரு பெரிய வீடு, ஒரு மோட்டார் சைக்கிள், மகளுக்கு ஊர் மெச்சும் கலியாணம் என்று போகும். அந்த வீட்டின் ஒவ்வொரு கல்லுக்கும் மனதில் ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் வீடு சோறு போடாது. பத்து வருடத்தில் கூரையைத் திருத்தக் காசு கேட்கும்.

நெருக்கடியில் மூளை செய்யும் வேலை

தமிழ்நாட்டிலே கரும்புச் செய்கைக்காரர் 464 பேரிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2013 இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளிவந்தது. கரும்புக்குக் காசு வருடத்தில் ஒரு தடவைதான் வரும். அறுவடைக்கு முன் கடனும் அடகுமாக இருப்பார்கள், அறுவடைக்குப் பின் கையில் காசு இருக்கும். ஆய்வாளர்கள் அதே ஆட்களுக்கு இரண்டு காலத்திலும் ஒரேவிதமான சிந்தனைப் பரீட்சைகள் வைத்தார்கள். அறுவடைக்கு முன் அவர்கள் தெளிவாகக் குறைவாகச் செய்தார்கள். ஆள் மாறவில்லை, படிப்பும் மாறவில்லை. கவலை மூளையின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

காணியை இழந்து தற்காலிகக் கொட்டிலில் இருக்கும் குடும்பத்தின் நிலை இதைவிட மோசமானது. வாழ்க்கையிலேயே மிகப் பெரிய பணத்தீர்மானத்தை எடுக்க வேண்டியிருப்பதும் சரியாக அந்த நேரத்தில்தான். ஆகவே எமது முதல் யோசனை மிகச் சாதாரணமானது. நட்டஈடு வந்த உடனே எதையும் வாங்க வேண்டாம். உடன் தேவைக்கு ஒரு சிறு தொகையை எடுத்துக்கொண்டு, மீதியை ஆறு மாதமாவது வங்கியில் நிலையான வைப்பில் போட்டு வையுங்கள். வட்டி குறைவென்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். அந்த ஆறு மாதத்தில் கிடைக்கும் மனத்தெளிவுக்கு எந்த வட்டியும் ஈடாகாது.

இழப்பு மனிதரை வேறொரு விதத்திலும் ஆட்டிவைக்கிறது. டானியல் கானமன், அமோஸ் ட்வேர்ஸ்கி என்ற இரு உளவியலாளர்கள் 1979 இல் எழுதிய கட்டுரை ஒன்று உலகெங்கும் பேசப்பட்டது (கானமனுக்கு 2002 இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது). ஒரு ரூபா கிடைக்கும் மகிழ்ச்சியைவிட ஒரு ரூபா போகும் துக்கம் பெரியது. பின்னர் நடந்த சோதனைகள் அதை ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கணித்தன. எம்மைப் பொறுத்தவரை முக்கியமானது அதன் அடுத்த பகுதி. இழந்து நிற்கும் மனிதன், சாதாரணமாகத் தொடாத ஆபத்தையும் தொடுவான். போனதை ஒரே எட்டில் மீட்டுவிட வேண்டும் என்ற வேகம் அவனைத் தள்ளும்.

அதிக வட்டி தருவதாகச் சொல்லி வருகிறவர்களுக்கு இந்த வேகம் நன்றாகத் தெரியும். 2008 டிசம்பரில் கொழும்பில் கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி வீழ்ந்தபோது ஏறத்தாழ 9,000 பேரின் 2,600 கோடி ரூபா சிக்கிக்கொண்டது. பொதுமக்களிடம் வைப்புப் பெற அதற்கு மத்திய வங்கியின் அனுமதி இருக்கவில்லை. பணம் போட்டவர்களில் ஓய்வுபெற்றவர்களும் இருந்தனர், படித்தவர்களும் இருந்தனர். கிராமத்துக்கு இப்படியான திட்டங்கள் விளம்பரத்தால் வருவதில்லை. மச்சான் வழியாக வரும், பாடசாலை ஆசிரியர் வழியாக வரும், முதல் மூன்று மாதம் வட்டியும் ஒழுங்காக வரும். கொண்டுவருகிறவர் நல்லவராகவே இருப்பார், ஏனென்றால் அவரும் ஏமாறப்போகிறவர்தான். அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டாம். அந்த நிறுவனத்தின் பெயர் மத்திய வங்கியின் அனுமதி பெற்றோர் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்கு 2010 முதல் காப்புறுதித் திட்டம் உண்டு. 2021 இல் அதன் எல்லை ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேற்பட்ட தொகை இருந்தால் இரண்டு இடத்தில் பிரித்துப் போடுவது புத்தி.

பிரித்து வைப்பதைப் பற்றிப் பேசும்போது திகன மக்களுக்கு 2018 மார்ச் மாதத்தை நினைவுபடுத்தத் தேவையில்லை. திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. மேல்மாடியில் வீடு, கீழே கடை, கடைக்குள் சரக்கு, அலமாரியில் காசு என்று இருந்தால் ஓர் இரவில் எல்லாமே போய்விடும். அந்த அநியாயத்துக்கு வேறு கணக்கு உண்டு, அதை இங்கே சேமிப்புப் பாடமாகச் சுருக்கிவிட எமக்கு விருப்பமில்லை. ஆனால் மனிதர் செய்யும் நாசத்துக்கும் மண்சரிவுக்கும் அகப்படாத ஒரு பங்கு வேறிடத்தில் இருப்பது நல்லது.

பயந்து பதுக்கும் காசு

இனி மறுபக்கம். ஒருமுறை ஏமாந்தவர், அல்லது ஏமாந்தவரைக் கண்டவர், வங்கியையே நம்பாமல் காசைத் தலையணைக்குள் வைப்பார். இது கவனம்போலத் தோன்றும், ஆனால் பயம்தான். 72 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். வட்டி வீதத்தால் 72 ஐப் பிரித்தால் காசு எத்தனை வருடத்தில் இரண்டு மடங்காகும் என்று ஏறத்தாழத் தெரியும். 9 வீதமானால் 8 வருடம். இதே கணக்கு விலைவாசிக்கும் பொருந்தும். விலைகள் வருடத்துக்கு 6 வீதம் ஏறினால் 12 வருடத்தில் தலையணைக் காசின் பெறுமதி அரைவாசி. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரே வருடத்தில் 69.8 வீதம் ஏறியிருந்தது. அதாவது முந்திய வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருளுக்கு 170 ரூபா தேவைப்பட்டது. பூட்டிய பெட்டிக்குள் இருந்த காசையும் விலைவாசி தின்றுவிட்டது.

அந்த வருடம் தங்கம் வைத்திருந்தவர்கள் தப்பினார்கள் என்பது உண்மை. எமது பெண்கள் பவுணில் சேர்ப்பதை நாம் குறை சொல்வதில்லை. ஆனால் அடகுக்கடைக்குப் போய்வரும் தங்கம் சேமிப்பல்ல, வட்டி கட்டும் கடன். அதுபோல, 2022 இன் கடைசியில் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 வீதத்தைத் தொட்டபோது அதுவே நிரந்தரம் என்று எண்ணி மாதச் செலவைக் கூட்டிக்கொண்டவர்கள், இரண்டு வருடத்தில் அது 10 வீதத்துக்கும் கீழே வந்தபோது தடுமாறினார்கள். ஏறும்போது வரும் துணிவும் இறங்கும்போது வரும் பயமும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன.

எல்லாவற்றிலும் தொடக் கூச்சமான விடயம் பிள்ளைகள். எமக்கென்ன ஓய்வூதியம், மகன் பார்ப்பான் என்பார்கள். பார்ப்பான்தான். ஆனால் காணி இருந்த காலத்தில் மகன் பக்கத்தில் இருந்தான். இன்று அவன் கட்டாரில், மகள் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில். அவர்களுடைய அன்பை நாம் சந்தேகிக்கவில்லை, அவர்களின் சம்பளத்தைத்தான் யோசிக்கிறோம். முழுக் காசையும் மகனுடைய முச்சக்கர வண்டிக்குக் கொடுத்துவிட்டு, பின் மருந்துக்கு மருமகளிடம் கேட்க வாய் வராமல் இருக்கும் தாய்மார் எத்தனை பேர்!

மனம் பலவீனமானது என்று தெரிந்தால் அதற்கு முன்கூட்டியே ஒரு வேலி கட்டலாம். பிலிப்பைன்ஸ் நாட்டின் மிண்டனாவோ தீவில் ஒரு கிராமிய வங்கி, குறித்த நாளோ குறித்த தொகையோ வரும்வரை தாமே எடுக்க முடியாத ஒரு கணக்கைத் தன் வாடிக்கையாளருக்குக் கொடுத்துப் பார்த்தது. 28 வீதமானோர் ஏற்றுக்கொண்டனர். அந்த வாய்ப்புக் கொடுக்கப்பட்டவர்களின் சேமிப்பு ஒரு வருடத்தில் மற்றவர்களைவிட வெகுவாகக் கூடியது என்று 2006 இல் வெளியான ஆய்வு காட்டியது. எமது பெண்களின் சீட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. கொடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள் என்ற வெட்கமே பூட்டு. ஆனால் சீட்டு ஒரு வருடத்துக்குப் பொருந்தும், இருபது வருடத்துக்குப் பொருந்தாது.

நீண்ட காலத்துக்கு அரசின் சில வழிகள் உண்டு. 1987 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி கமக்காரருக்கான ஓய்வூதியத் திட்டம் தொடங்கியது. 60 வயதுக்கு முன் சேர்ந்து தவணைப்பணம் கட்டினால் 60 இலிருந்து மாதாமாதம் கிடைக்கும். நிதிப் பற்றாக்குறையால் சிறிது காலம் கொடுப்பனவு நின்று, 2014 இல் மீண்டும் தொடங்கியது என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தொகையும் சிறியதுதான். அதை மட்டும் நம்பியிருக்க முடியாது, ஆனால் அதை விட்டுவிடுவதும் நட்டம். கமத்தை விட்டுக் கூலிக்கும் சிறு வியாபாரத்துக்கும் மாறியவர்களுக்கு 1996 இல் அமைக்கப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டங்கள் உள்ளன. தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை செய்யும் பிள்ளைகளுக்கு ஊழியர் சேமலாப நிதி: தொழிலாளி 8 வீதம், தொழில் தருநர் 12 வீதம். தொழில் தருநர் உண்மையில் கட்டுகிறாரா, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியாகப் பதியப்பட்டுள்ளனவா என்று வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அறுபது வயதில் எழுத்துப்பிழை திருத்த அலைவது பெரிய துன்பம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தைத் தாக்கின. வீடு, காணி இழந்த குடும்பங்கள் இன்று படிவங்களோடு கிராம உத்தியோகத்தரிடம் நிற்கின்றன. விக்டோரியாக் காலத்துக் கேள்விகளே திரும்பவும் வருகின்றன. அவர்களிடம் ஒரு விடயத்தை வற்புறுத்த விரும்புகிறோம். கொடுப்பனவு எந்தக் கணக்குக்கு வருகிறது, அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். காணி ஆணின் பெயரில் இருந்தால் காசும் ஆணின் பெயரிலேயே வரும். ஆனால் பெரும்பாலான குடும்பங்களில் கடைசியில் தனியே மிஞ்சுகிறவள் மனைவி. காசு வந்ததும் கணவன், மனைவி இருவரும் கையொப்பமிட்டால் மட்டுமே எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கொன்றுக்கு அதை மாற்றலாம், அதற்குப் பெரிய செலவுமில்லை. புதிய இடத்தில் அரச காணி அனுமதிப்பத்திரம் கிடைத்தால் அது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது, நினைத்தபடி விற்க முடியாது. பின்னுரித்தாளராக யாரைக் குறிக்கிறீர்கள் என்பதில் பெற்றோரின் முதுமை தங்கியிருக்கிறது. ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்த பழைய ஒழுங்கு 2022 இல் திருத்தப்பட்டது. மகளையும் குறிக்கலாம். படிவத்தை அலுவலகத்திலேயே அவசரமாக நிரப்பாமல் வீட்டுக்குக் கொண்டுபோய், எல்லோரும் இருக்கும்போது சத்தமாக வாசித்து, பிறகு கையொப்பமிடுங்கள்.