இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக

வினாத்தாளில் இத்தொடரைக் கண்டதும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். யார் கூற்று, யாரிடம் கூறியது, எந்த அங்கம், எந்தக் காட்சி என்று மனப்பாடம் செய்ததை இறக்கி வைத்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். நானும் அப்படித்தான் எழுதி வந்தேன். ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தைத் தேர்வுக்காக அல்லாமல் மறுமுறை படித்தபோதுதான், இடஞ்சுட்டாவிட்டால் பொருளே இல்லை என்பது எனக்கு விளங்கிற்று.

1606ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட இந்நாடகம், ஆசிரியர் மறைந்து ஏழாண்டுகள் கழித்து, 1623இல் வெளிவந்த தொகுப்பில்தான் முதன்முதலாக அச்சேறியது. ஸ்காட்லாந்துப் படைத்தலைவன் மாக்பெத், தன் வீட்டிற்கு விருந்தினனாக வந்த மன்னன் டங்கனைக் கொன்று அரியணை ஏறுகிறான். அதைக் காத்துக்கொள்ள மேலும் மேலும் கொலை செய்து முடிவில் தானும் அழிகிறான்.

இந்நாடகத்தில் 'மேன்' என்னும் சிறு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. ஆங்கிலத்தில் அதற்கு ஆண் என்றும் பொருள் உண்டு. மனிதன் என்றும் பொருள் உண்டு. தமிழிலோ இரண்டிற்கும் தனித்தனிச் சொற்கள். ஆகவே தமிழில் எண்ணிப் படிக்கும் நாம், ஒவ்வோரிடத்திலும் சற்று நின்று, இங்கே ஆணா, மனிதனா என்று கேட்டாக வேண்டும்.

முதல் அங்கத்தின் ஏழாம் காட்சியைப் பார்ப்போம். மன்னனைக் கொல்லும் எண்ணமே வேண்டாம் என்கிறான் மாக்பெத். கோழை என்று குத்திக் காட்டுகிறாள் மனைவி. மனிதனுக்குத் தகுந்த எதையும் செய்யத் தனக்குத் துணிவு உண்டு, அதற்கும் மேலே துணிபவன் மனிதனே அல்லன் என்பது அவனுடைய விடை. அவளோ, கொலைக்குத் துணிந்தபோதுதான் அவன் ஆணாக இருந்தான் என்கிறாள். அவன் மனிதனைப் பற்றிப் பேசினான். அவள் ஆணைப் பற்றிப் பேசினாள். சொல் ஒன்றே, பொருள் மாறிவிட்டது. அக்காட்சி முடிவதற்குள் தன் பொருளைக் கைவிட்டு அவள் பொருளை ஏற்றுக்கொள்கிறான் மாக்பெத். அவனுடைய வீழ்ச்சி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

மூன்றாம் அங்கத்தில் மனைவியின் ஆயுதத்தை அவனே கையில் எடுக்கிறான். நண்பன் பாங்க்கோவைக் கொல்ல அவன் தேடிப்பிடித்த இருவர், தாங்களும் மனிதர்களே என்கின்றனர். வேட்டைநாயும் காவல்நாயும் கலப்பின நாயும் பட்டியலில் நாய் என்றே எழுதப்படுகின்றன அல்லவா, அதைப் போலத்தான் நீங்களும் என்று அவர்களைச் சீண்டுகிறான். பின்னர் விருந்து மண்டபத்தில் பாங்க்கோவின் ஆவியைக் கண்டு அவன் நடுங்கும்போது, மனைவி பழைய கேள்வியையே கேட்கிறாள். ஆவி மறைந்ததும், மீண்டும் தான் ஆணாகிவிட்டதாகச் சொல்லிக்கொள்கிறான்.

இனி நான்காம் அங்கம், மூன்றாம் காட்சி. மனைவியும் மக்களும் மாக்பெத்தின் ஆட்களால் கொல்லப்பட்ட செய்தி மக்டஃபை எட்டுகிறது. டங்கனின் மகன் மால்கம், ஆண்மகனாக இதை எதிர்கொள்ளும்படி அவனைத் தேற்றுகிறான். அவ்வாறே செய்வதாக ஒப்புக்கொள்ளும் மக்டஃப், அதே சொல்லைத் திருப்பிப் போட்டு, இத்துயரை மனிதனாக உணரவும் வேண்டும் என்கிறான். முதல் அங்கத்தில் மாக்பெத் தொலைத்த பொருளை மக்டஃப் இங்கே மீட்டெடுக்கிறான்.

என் பாட்டனார் மறைந்த அன்று, ஆண்பிள்ளை அழலாமா என்று என்னை அதட்டினார்கள். அன்பினால் சொன்னதுதான், ஆனாலும் எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. மக்டஃபின் விடையைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாம் அங்கத்தில் மாக்பெத்திற்கும் மனைவியின் மரணச் செய்தி வருகிறது. அவனால் அழ முடியவில்லை. வாழ்க்கையே பொருளற்றது என்று நீண்டு பேசுகிறான். அப்பேச்சை ஷேக்ஸ்பியரின் வாழ்க்கைத் தத்துவம் என்று மேடைகளில் எடுத்தாள்வோர் உண்டு. இடஞ்சுட்டிப் பார்த்தால், அது ஆணாக வேண்டுமென்று மனிதனாக இருப்பதை விட்டுவிட்ட ஒருவனின் வெறுமை. ஆசிரியரின் தீர்ப்பு அன்று.

நாடகத்தின் இறுதியில் முதிய தளபதி சிவார்டின் மகன் போரில் மடிகிறான். காயம் முன்புறம் பட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டு, அது போதும் என்கிறார் தந்தை. அப்போது மால்கம் குறுக்கிட்டு, அவன் இன்னும் அதிகத் துயரத்திற்கு உரியவன், அத்துயரை நான் செலுத்துவேன் என்ற பொருள்படப் பேசுகிறான். அன்று ஆண்மகனாக இருக்கச் சொன்ன அதே மால்கம்! மக்டஃபிடம் அவன் கற்றுக்கொண்ட பாடம் இது என்றே எனக்குத் தோன்றுகிறது. அரசனாகப் போகிறவன் இதைக் கற்றது நாட்டிற்கும் நல்லதுதான்.

வைரமும் கிராபைட்டும் ஒரே கார்பன்தான். அணுக்கள் அமைந்த முறையே அவற்றை வேறு வேறாக்குகிறது என்று அறிவியல் வகுப்பில் படிக்கிறோம். நாடகத்தில் சொல்லும் அப்படியே. சொல்பவர், கேட்பவர், சொல்லும் நேரம் ஆகியவை சேர்ந்தே அதன் பொருளை அமைக்கின்றன. ஆகவே நண்பர்களே, அடுத்த முறை இடஞ்சுட்டும்போது அதை மதிப்பெண்ணுக்காக மட்டும் செய்யாதிருப்போம்.