காரின் பின் சப்ஃப்ரேம்: விரிசல், துரு, பழுதுநீக்கம்

பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷன் கொண்ட கார்களில், சக்கரங்களைப் பிடித்திருக்கும் ஆர்ம்களும் டிஃபரன்ஷியலும் ஒரு கனத்த இரும்புச் சட்டத்தில் பொருத்தப்படுகின்றன. இந்தச் சட்டமே சப்ஃப்ரேம். பெரும்பாலும் நான்கு பெரிய போல்ட்டுகள், ரப்பர் புஷ்கள் வழியாக இது காரின் அடித்தளத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். வண்டி கிளம்பும்போது சக்கரம் முன்னே தள்ளும் விசை, பிரேக் பிடிக்கும்போது பின்னே இழுக்கும் விசை, வளைவில் பக்கவாட்டில் நெருக்கும் விசை ஆகிய மூன்றும் இந்த நான்கு பிடிமானங்கள் வழியாகத்தான் பாடிக்குப் போய்ச் சேர்கின்றன.

எல்லாக் கார்களிலும் இந்த உறுப்பு கிடையாது. மயிலாடுதுறைத் தெருக்களில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் பின்புறத்தில் இருப்பது டார்ஷன் பீம். குறுக்கே ஓடும் ஒற்றைக் கட்டை அது. இரண்டு புஷ்கள் மூலம் பாடியில் மாட்டியிருக்கும். பொலேரோ, சுமோ போன்றவற்றுக்கு நீளச் சேசிஸ் உண்டு. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசிடருக்குத் தனிச் சேசிஸ் இல்லை. அதன் பின் அச்சைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குகளின் முனைகள் பாடியின் அடிச்சட்டங்களிலேயே மாட்டப்பட்டன. பெயரும் வடிவமும் வேறானாலும், விசை வந்து இறங்கும் பிடிமானம்தான் எல்லாவற்றிலும் முதலில் கெடுகிறது. சப்ஃப்ரேமுக்கான பழுதுநீக்க முறை மற்ற வகைகளுக்கும் பெருமளவு பொருந்துவது இதனால்தான்.

சேதம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று உலோகக் களைப்பு. ஒரே இடத்தில் லட்சக்கணக்கான முறை இழுவையும் தள்ளலும் மாறி மாறி விழும்போது, தகட்டின் தாங்குதிறனுக்கு உட்பட்ட விசைகூட மயிரிழை போன்ற விரிசலை உண்டாக்கிவிடும். 1998இல் வெளிவந்த பிஎம்டபிள்யூ 3 சீரீஸ் தலைமுறை இதற்குப் பேர்போனது. அதன் சப்ஃப்ரேம் உறுதியானது. அதைப் பிடித்திருந்த பின்தளத் தகடு மெல்லியது. பிடிமானங்களைச் சுற்றிப் புள்ளி வெல்டுகள் பிரிந்து தகடு கிழியத் தொடங்கியது. இரண்டாவது வழி துரு. 1959இல் பிரிட்டனில் அறிமுகமான மினி காரில் பாடி நன்றாக இருக்கும்போதே பின் சப்ஃப்ரேம் உள்ளிருந்து அரித்துப் போகும். சாலையில் உப்புத் தூவும் குளிர்நாட்டில் அது எதிர்பார்க்கக்கூடியதே.

காவிரிக் கடைமடையில் உப்பை யாரும் தூவ வேண்டியதில்லை. பூம்புகாரும் தரங்கம்பாடியும் பக்கத்திலேயே இருக்கின்றன. கடற்காற்றில் உப்பு கலந்தே வருகிறது. வடகிழக்குப் பருவமழை சம்பாப் பயிர் நிற்கும் காலத்தில் பெய்கிறது. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. மழை கொட்டியது, அந்த அளவு மழையில் தாழ்வான தெருவில் நிற்கும் காருக்கு அடிப்பாகம் முழுவதும் தண்ணீருக்குள்தான். நீர் வடிந்த பிறகும் டெல்டாவின் களிமண் வடிவதில்லை. சட்டத்தின் உட்குழிவுகளில் அப்பிக்கொண்டு வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அறுவடை நாளில் சாலையில் பரப்பிய வைக்கோல் அச்சிலும் பிரேக் குழாயிலும் சுற்றிக்கொண்டு அந்த ஈரத்துக்குத் துணைபோகிறது. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் பல மடங்காகப் பெருகுவதால், இரண்டு தகடுகள் சேரும் மடிப்பில் புகுந்த துரு அவற்றை நெம்பிப் பிரித்துவிடும். கடற்கரை மாவட்டத்தில் துருவையே முதல் எதிரியாகக் கொள்ள வேண்டும்.

அறிகுறிகளைக் காதே முதலில் கண்டுபிடிக்கும். கிளட்சை விடும்போது பின்னால் ஒரு ‘டொக்’, வேகத்தடையில் இறங்கும்போது இன்னொன்று. நேர்ச்சாலையில் வண்டியின் பின்பகுதி ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடுவது, பின் டயர்கள் ஓரத்தில் மட்டும் தேய்வது ஆகியவை அடுத்த கட்டம். இவை தேய்ந்த புஷ்ஷின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். ஆகவே வண்டியை ஜாக்கியில் தூக்கி, உறுதியான ஸ்டாண்டுகளில் இறக்கி வைத்தபின் கீழே போய்ப் பார்ப்பதுதான் வழி. ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்குக் கீழே யாரும் நுழையக் கூடாது. மண்ணைக் கழுவிக் காய வைத்து, சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு மந்தமாகச் சத்தமிடும். சந்தேகமான இடத்தில் திருப்புளி முனையை அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். விரிசல் பெயிண்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். போல்ட்டைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய கோடு தெரிந்தால், அங்கே வயர் பிரஷ் போட்டு வெற்று உலோகம் தெரியும்வரை தேய்க்க வேண்டும். பின் சீட்டையும் கார்ப்பெட்டையும் எடுத்து மேலிருந்தும் பார்ப்பது அவசியம். கீழே கிழிசல் ஒரு விரற்கடை இருந்தால் மேலே அது இன்னும் நீண்டிருக்கக்கூடும்.

எதையும் கழற்றுவதற்கு முன் அளவெடுக்க வேண்டும். வீட்டு முற்றத்துச் சிமென்ட் தரை சமமாக இருந்தால் இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கொத்தனாரின் தூக்குக் குண்டை ஒவ்வொரு பிடிமானத்திலிருந்தும் தொங்கவிட்டு, குண்டின் முனை தொடும் இடத்தில் சாக்கட்டியால் புள்ளி வைக்கிறார்கள். கார் நிற்கும்போதே தரையில் சட்டத்தின் வரைபடம் கிடைத்துவிடுகிறது. இட வல மூலைவிட்டங்கள் இரண்டும் ஒன்றாக இருந்தால் பாடி முறுக்கிக்கொள்ளவில்லை. சில மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் வீட்டு வேலை அங்கேயே நிற்க வேண்டும். அதை நேராக்க இழுப்பு மேடை உள்ள பட்டறை தேவை.

அளவு சரியென்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்க்கை இறக்கி வண்டியிலிருந்து தூரமாக வைக்க வேண்டும். வெல்டிங் தீப்பொறிக்கும் பெட்ரோல் ஆவிக்கும் நடுவே துணி மறைப்பு எதற்கும் உதவாது. பிரேக் குழாய்கள், ஹேண்ட் பிரேக் கேபிள், டிரைவ் ஷாஃப்ட், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றை விடுவித்தபின், சட்டத்துக்கு அடியில் இரண்டு ஜாக்கிகள் கொடுத்து நான்கு போல்ட்டுகளையும் தளர்த்தி இறக்குகிறார்கள். துருப்பிடித்த போல்ட் முறியாமல் வர, முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிடுவதுதான் பலன் தரும். அவசரப்பட்டு முறித்த ஒரு போல்ட் முழு நாளைத் தின்றுவிடும்.

விரிசலை மூடுவதற்கு முறை உண்டு. விரிசலின் இரு முனைகளிலும் ஏறத்தாழ 3 மி.மீ. துளை போட வேண்டும். கூர்முனையில் குவிந்த இழுவிசை துளையின் வளைவில் பரவிவிடுவதால் விரிசல் அதற்குமேல் ஓடாது. பிறகு விரிசலின் வாயை கிரைண்டரால் சரிவாகத் தேய்த்து வெல்டால் நிரப்பி, மட்டமாக்க வேண்டும். துருப்பிடித்த தகட்டுக்கு இது பொருந்தாது. அதை நல்ல இரும்பு வரும்வரை வெட்டியெடுத்து, அதே அளவில் புதுத் துண்டு வைக்க வேண்டும். துருவின் மேலேயே தகடு ஒட்டுவதுதான் மிகவும் கெட்ட பழக்கம். நைந்த வேட்டியில் ஒட்டுப் போட்டால் தையல் ஓரத்திலேயே மறுபடி கிழிவதைப் போல, அந்தத் தகடும் சில மாதங்களில் தன் ஓரத்தோடு பிய்ந்து வரும்.

வலுவூட்டும் தகடு இதற்குப் பிறகுதான் வருகிறது. தடிமன் கூடினால் பலம் கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். 1 மி.மீ. தளத்தில் 5 மி.மீ. தகடு வைத்தால் கனத்த தகடு வளையாது. வளைவு முழுவதும் அதன் விளிம்பில் வந்து குவியும். அடுத்த விரிசல் அங்கேயே பிறக்கும். 2 மி.மீ. அளவுள்ள மைல்டு ஸ்டீல் தகட்டை அகலமாக வெட்டி, மூலைகளை உருட்டி, பக்கத்திலுள்ள பெட்டிச் சட்டம் வரை நீட்டிப் பிடிப்பதே சரி. விசை மெல்லிய தளத்தை விட்டு அந்தச் சட்டத்துக்குப் போக வேண்டும் என்பதே நோக்கம். ஓரங்களில் விட்டு விட்டு வெல்டிங், நடுவில் துளை போட்டு நிரப்பும் வெல்டிங், ஒரு முனையில் சூடு ஆறும்வரை மறுமுனையில் வேலை என்று போனால் தகடு கோணாது.

கிரில் கேட் செய்யும் பட்டறையின் ஆர்க் வெல்டிங் இதற்கு ஏற்றதல்ல; மெல்லிய தகட்டை அது ஓட்டை போட்டுவிடும். 0.8 மி.மீ. கம்பியுள்ள மிக் வெல்டிங் தேவை. வண்டியைக் கழற்றுவது, சுரண்டுவது, தகடு வெட்டிப் பொருத்துவது எல்லாம் வீட்டில் நடக்கலாம். வெல்டிங்குக்கு மட்டும் கார்த் தகட்டில் கைபழகிய டிங்கரை வரவழைப்பது நல்லது. துத்தநாகம் பூசிய தகடானால் வெல்டிங் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுக்க வேண்டும். அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். டார்ஷன் பீமையும் ஸ்பிரிங் பட்டையையும் வெல்டு செய்யவே கூடாது. முறுக்கியும் வளைந்தும் வேலை செய்யும் உறுப்புகள் அவை. உடைந்தால் மாற்றுவதுதான் முடிவு. புதிய கார்களின் உயர்வலிமை எஃகும் சூடுபட்டால் தன் வலிமையை இழக்கும். அவற்றில் கம்பெனி கையேடு அனுமதிக்காத இடத்தில் நெருப்பு வைக்கக் கூடாது.

வெல்டு ஆறியதும் பிரைமர், மடிப்புகளில் சீலர், மேலே அண்டர்கோட்டிங், பெட்டிச் சட்டத்தின் உட்புறத்தில் மெழுகு எண்ணெய் என்ற வரிசையில் பூச வேண்டும். உள்பூச்சை விட்டுவிட்டால் செய்த வேலை இரண்டு மழைக்காலம் தாங்குவதே அரிது. வெல்டிங் சூட்டில் பழைய பூச்சு எரிந்துபோயிருக்கும். சட்டத்தைத் திரும்ப ஏற்றும்போது ஆர்ம்களின் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்குவது வழக்கமான தவறு. வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும்போதுதான் கடைசி இறுக்கு வர வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். புஷ்ஷைப் பாலியூரித்தேனுக்கு மாற்றினால் ஆட்டம் குறையும். ஆனால் அதிர்ச்சி நேராகத் தகட்டுக்குப் போகும். பழுது பார்த்த தளத்துக்கு ரப்பரே நல்லது.

சக்கரங்களுக்கு அலைன்மென்ட் பார்த்து, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளைக் குறித்த டார்க்கில் சோதித்து, வெல்டு ஓரங்களை விளக்கடித்துப் பார்த்தால் வேலை முடிந்தது. ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி முடிவதற்குள், ஐப்பசி மழைக்கு முன்பாக, அடிச்சட்டத்தின் வடிகால் துளைகளைக் கம்பி விட்டுக் குத்தி மண்ணை வெளியேற்றிவிடுங்கள்.