இரவு ஷிப்டுக்கு எதுவும் தெரியாது

கருமத்தம்பட்டிப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கூலிக்கு நெய்யும் விசைத்தறிக் குடும்பம். எந்தப் பாவு என்றைக்கு வந்தது, எத்தனை பீஸ் போனது, கூலி பாக்கி எவ்வளவு என்று குறித்து வைக்க ஒரு செயலி செய்திருக்கிறார். துணி வண்டியேறும் முன் படம் எடுத்து வைக்கவும் அதில் வசதி உண்டு. “சின்னதா ஒரு திருத்தம் பண்ணி மறுபடி ஏத்துனேனுங்க. கணக்கெல்லாம் அப்படியே இருக்குது. படம் மட்டும் ஒண்ணுகூடக் காணோம். கிளவுடுல போட்டா அழியாதுன்னாங்களே?”

சோமனூர் வட்டாரத்தில் படம் போவது சின்ன இழப்பல்ல. ‘டேமேஜ்’ என்று சொல்லிக் கூலியில் பிடித்தால், தறிக்காரர் எடுத்துக் காட்ட வேறு என்ன இருக்கிறது? கூலி உயர்வுக்காக 2022 தொடக்கத்தில் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்திப் போராடிய ஊர் இது.

மூன்றடுக்குச் செயலி என்றால் என்னவென்று இந்த வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திரையில் தெரியும் பக்கம், நடுவே வேலை பார்க்கும் நிரல், அடியில் தரவுத்தளம். 2007இல் ஹெரோகு, 2008இல் கூகுளின் ஆப் எஞ்சின் என்று தொடங்கி இன்று நம்ம ஊர் சோஹோவின் கேட்டலிஸ்ட் வரை பல தளங்கள் இருக்கின்றன. நிரலை மட்டும் கொடுத்தால் போதும், இயந்திரத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மேகம் என்ற பெயர்தான் ஆளை ஏமாற்றுகிறது. மைக்ரோசாஃப்ட் 2015இல் சென்னையிலும் புனேயிலும் மும்பையிலும், அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஹைதராபாத்திலும் திறந்தவை டீசல் ஜெனரேட்டரும் ஏசியும் உறுமும் கட்டடங்கள்.

இதில் எனக்கு நெடுநாளாக வியப்பளிக்கும் சங்கதி நடு அடுக்கின் மறதி. ஹெரோகுவில் ஒரு நிரல் ஓடும் பெட்டிக்கு ‘டைனோ’ என்று பெயர். கோளாறு எதுவும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அதை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்குவார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் விழக்கூடாது என்பதற்காக 216 நிமிடம் வரை குத்துமதிப்பாகக் கூட்டிக்கொள்வதும் உண்டு. நிறுத்தப்போவதாக முதலில் ஒரு சைகை. கையிலிருக்கும் வேலையை முடிக்க 30 விநாடி. அதற்குள் முடியாவிட்டால் கழுத்தில் கை. பழைய பெட்டியின் வட்டில் எழுதி வைத்ததெல்லாம் அதோடு போய்விடும். நிரலைத் திருத்தி மறுபடி ஏற்றும்போதும் இதே கதைதான். வாசகரின் படங்கள் போன வழி இதுதான்.

நான் வளர்ந்தது தறிச்சத்தத்தில். காலை எட்டு மணிக்கு இரவு ஆள் கிளம்புவார், பகல் ஆள் வருவார். மூணாவது தறியில் பாவு இழை அடிக்கடி அறுகிறது என்பது இரவு ஆளின் தலைக்குள் மட்டும் இருந்தால், அது அவரோடு சைக்கிள் ஏறி வீட்டுக்குப் போய்விடும். பகல் ஆள் பத்து மீட்டர் ஓட்டிய பிறகுதான் கண்டுபிடிப்பார். அப்புறம் அப்பா வாசற்படியோரம் ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். அதில் எழுதாமல் யாரும் செருப்பு மாட்டக்கூடாது. எழுதும் வழக்கம் வந்த பிறகு எந்த ஆள் எந்தத் தறிக்கு நின்றாலும் வேலை ஓடியது. ஆள் வராத நாளில் பக்கத்துக் குடோன்காரரைக் கூப்பிட்டு நிறுத்தினாலும் ஓடியது.

நடு அடுக்கை வேண்டுமென்றே மறதிக்காரனாக வைத்திருப்பதும் இதற்காகத்தான். தனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளாத நிரலை ஒன்றுக்குப் பத்தாகப் பெருக்கலாம், பத்தில் மூன்றைக் கொல்லலாம், யாருக்கும் தெரியாது. 2021 ஏப்ரல் 28, மாலை நான்கு மணி ஞாபகம் இருக்கிறதா? 18 வயதைத் தாண்டியவர்களுக்குக் கோவின் தளத்தில் தடுப்பூசிப் பதிவு தொடங்கிய நேரம். ஆரம்பத்தில் நிமிடத்துக்கு 27 லட்சம் முறை கதவு தட்டப்பட்டது. பலருக்கும் தளம் தடுமாறியது, எனக்கும்தான். ஆனாலும் ஏழு மணிக்குள் 80 லட்சம் பேர் பதிந்துவிட்டார்கள். கூட்டம் கூடும்போது சட்டென்று ஆள் கூட்டுவது மறதிக்கார அடுக்கில்தான் எளிது.

தரவுத்தளத்தை அப்படிப் பெருக்க முடியாது. எழுதுகிற நோட்டு இரண்டானால் எது சரி என்ற சண்டை வந்துவிடும். அதனால்தான் அந்த அடுக்குக்குத் தனிக் கவனம், தனி வாடகை. நம் ஆட்கள் சிக்கனம் பிடிப்பதோ சரியாக அங்கேதான். முகப்புப் பக்கத்துக்கு நிறம் தேட ஒரு வாரம் செலவழிப்பார்கள், படத்தைப் பாதுகாக்கும் சேமிப்பகத்துக்கு மாதம் ஒரு தொகை என்றால் “இலவசமா எதுவும் இல்லீங்களா?” என்பார்கள். தினமும் நகல் எடுக்கிறோம் என்று பெருமையாகச் சொல்பவரிடம், அதிலிருந்து ஒருநாளாவது மீட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு மழையைப் பற்றித் திரும்பும். பூட்டிய பீரோவின் சாவி எங்கே என்று தெரியாமலே நிம்மதியாகத் தூங்குகிறோம்.

நெட்ஃப்ளிக்ஸ்காரர்கள் இந்த விஷயத்தில் முரடர்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களைத் தற்செயலாகத் தேர்ந்து அணைப்பதற்கென்றே ஒரு நிரல் எழுதி, அதற்குக் ‘கேயாஸ் மங்கி’ என்று பெயரும் வைத்தார்கள். 2012இல் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். குரங்கு அலுவலக நேரத்தில்தான் சேட்டை செய்யும், விழுந்தால் தூக்கிவிட ஆட்கள் விழித்திருக்க வேண்டுமே.

வாசகருக்குப் பதில் எழுதினேன்: படங்களைத் தனிச் சேமிப்பகத்துக்கு அனுப்புங்கள், தரவுத்தளத்தில் அதன் முகவரியை மட்டும் வையுங்கள். போன வாரம் மறுகடிதம் வந்தது. பழைய படங்களில் பாதி அவருடைய அம்மாவின் வாட்ஸ்அப்பில் கிடைத்துவிட்டதாம். இப்போது சனிக்கிழமை கூலிக் கணக்குப் பார்க்கும் முன் அவரே ஒருமுறை ரீஸ்டார்ட் பொத்தானை அழுத்திவிட்டு, முந்தின நாள் படத்தைத் திறந்து பார்க்கிறாராம்.