ஆறிய காசநோய், ஆறாத இருமல்

ஒரகடத்துக்குத் தூசு புதிதல்ல. சிப்காட் தொழிற்பேட்டை வருவதற்கு முன், ஒரகடம் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் ஏரிப் பாசனத்து நெல் பூமி. தை, மாசியில் களத்தில் நெல் தூற்றும்போதும், ஈரம் பட்டு மக்கிய வைக்கோல் போரைப் பிரிக்கும்போதும் தூசு எழும். சில வாரங்களில் அடங்கிவிடும். 1996-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர் என்று ஆலைகள் வரிசை கட்டின. நிலத்தை மேடாக்கச் சவுடு மண் டிப்பர் டிப்பராக வந்து இறங்கியது. கட்டுமானம் ஓயாத ஊரில் தூசுக்குப் பருவம் இல்லாமல் போயிற்று.

களத்துத் தூசிலும் சவுடு மண்ணிலும் பொதுவாக வாழ்வது ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை. அதன் வித்து இரண்டு, மூன்று மைக்ரான் அளவுதான். மூச்சோடு நுரையீரலின் கடைசி அறை வரை போய்விடும். நாம் எல்லோரும் தினமும் அதைச் சுவாசிக்கிறோம். நல்ல நுரையீரல் அதை அன்றன்றே அழித்துவிடுகிறது. அமெரிக்காவின் அரிசோனா, கலிஃபோர்னியா மண்ணிலிருந்து வரும் பள்ளத்தாக்குக் காய்ச்சல் ஆரோக்கியமானவரையும் படுக்கவைக்கும். அந்தப் பூஞ்சை நம் மண்ணில் இல்லை. நம் ஊர்ப் பூஞ்சை ஏற்கெனவே புண்பட்ட நுரையீரலைத் தேடுகிறது. காசநோய் குணமான பிறகும் நுரையீரலில் குழி தங்கிவிடுவதுண்டு. தூர்க்காத பாழ்கிணறு போன்ற அந்தக் குழியில் வித்து விழுந்து முளைத்து, நாளடைவில் பந்தாகத் திரள்கிறது. பிறகு மாதக்கணக்கில் இருமல், எடை குறைவு, சளியில் ரத்தம். அத்தனையும் காசநோயின் அடையாளங்களே.

ஆலைகள் வருவதற்கு முன் இந்த வட்டாரத்தில் இருமி ரத்தம் துப்பியவரை அழைத்துப் போகும் இடம் தாம்பரம் சானடோரியம். டாக்டர் சௌரி முத்து 1928-இல் தொடங்கி, 1937-இல் அரசின் கைக்கு வந்த மருத்துவமனை அது. 1956-இல் சென்னையில் அமைந்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் நோய் குணமாகும் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியது. உயிர்கள் பிழைத்தன; பிழைத்தவர்கள் வயலுக்கும் கல்குவாரிக்கும் திரும்பினார்கள். அவர்களில் பலரது நெஞ்சில் குழி இருந்தது. 1960-களில் பிரிட்டனில், காசநோய்க்குப் பின் குழி தங்கிய 544 பேரைப் பரிசோதித்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒருவரின் ரத்தத்தில் இந்தப் பூஞ்சைக்கு எதிரான பொருள் தென்பட்டது.

பூஞ்சையோ என்ற சந்தேகம் வந்தாலும் அன்று செய்வதற்கு அதிகம் இல்லை. எக்ஸ்ரேயில் குழிக்குள் பந்தும், அதன் மேல் பிறை போன்ற காற்று இடைவெளியும் தெரிந்தால் உண்டு. 1950-களில் வந்த ஆம்ஃபோடெரிசின் பி, வெனிசுலாவின் ஒரினோகோ கரை மண்ணில் கிடைத்த நுண்ணுயிரியிலிருந்து எடுத்த மருந்து. ஆனால் அதை நரம்பில் ஏற்றினால் குளிரும் நடுக்கமும் வரும், சிறுநீரகம் கெடும். இன்னொரு வழி, நெஞ்சைத் திறந்து அந்தப் பகுதியை வெட்டி எடுப்பது. சளியில் கிருமி தெரியாவிட்டாலும், முன்பு காசநோய் வந்தவர் மறுபடி இருமினால், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியோடு எட்டு மாத மறுசிகிச்சை தொடங்கிவிடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது.

இன்று நிலைமை வேறு. சளியில் காசநோய்க் கிருமி உண்டா என்பதை சிபிநாட் கருவி இரண்டு மணி நேரத்தில் சொல்கிறது. இல்லை என்று வந்தால் சி.டி. ஸ்கேன், ரத்தத்தில் ஆஸ்பர்ஜில்லஸுக்கு எதிரான பொருளைத் தேடும் ஐஜிஜி பரிசோதனை என்று அடுத்த படிக்குப் போகலாம். சிகிச்சைக்கு இட்ரகோனசோல் மாத்திரை இருக்கிறது. எத்தனை மாதம் சாப்பிட வேண்டும் என்ற கேள்விக்கு விடை சொன்னது சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவமனை. 164 நோயாளிகளிடம் நடந்து 2022-இல் வெளியான அதன் ஆய்வில், ஆறு மாதம் மருந்து எடுத்தவர்களில் 38 சதவீதம் பேருக்கு இரண்டாண்டுக்குள் நோய் திரும்பியது. ஓராண்டு எடுத்தவர்களில் 10 சதவீதம் பேருக்கே. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம் மிக ஆபத்தான பூஞ்சைகளின் முதல் வரிசையில் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸைச் சேர்த்தது.

கருவியும் மாத்திரையும் வந்தபின் தவறான கணிப்பின் விலை கூடியிருக்கிறது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், இட்ரகோனசோலைக் கல்லீரலில் வேகமாகச் சிதைத்துவிடும். 'எதற்கும் இருக்கட்டும்' என்று இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பூஞ்சை மருந்து வேலை செய்யாது. வயிற்றுப் புண்ணுக்கு அமிலம் குறைக்கும் மாத்திரை போட்டுக்கொண்டாலும் இட்ரகோனசோல் காப்ஸ்யூல் சரியாக உடம்பில் சேராது.

ஓராண்டுச் சிகிச்சை என்பதும் இந்த ஊரில் லேசான காரியமில்லை. இங்கே மண் வெட்டுபவர், கான்கிரீட் போடுபவர், கல் உடைக்கும் கிரஷரில் நிற்பவர் பலரும் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ ஒப்பந்தத்தில் வந்தவர்கள். வேலை முடிந்தால் அடுத்த ஊர். கிரஷர்த் தூசில் உள்ள சிலிக்கா நுரையீரலின் காவலைக் குலைத்துக் காசநோய்க்கு வழி திறக்கிறது; காசநோய் குழி பறிக்கிறது; குழி பூஞ்சைக்கு இடம் தருகிறது. காசநோயாளிக்கு அரசுப் பதிவு, இலவச மருந்து, ஊட்டச்சத்துக்கு மாத உதவித்தொகை எல்லாம் உண்டு. குணமானதும் அவற்றின் காலம் முடிகிறது. அதன் பிறகு வரும் பூஞ்சைக்கு அப்படி ஒரு திட்டம் இல்லை.

புதிதாக ஒரு திட்டத்துக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. சிகிச்சை முடித்த காசநோயாளியை இரண்டாண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்று தேசிய வழிகாட்டுதலே சொல்கிறது. அந்தச் சந்திப்பில் 'என்ன வேலை, எந்தத் தூசு?' என்று கேட்க வேண்டும். மூன்று மாதமாக இருமுபவருக்குச் சளியில் கிருமி இல்லையென்றால், காசநோய் மருந்தை மறுபடி தொடங்கும் முன் ரத்தத்தை ஐஜிஜி பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். வேலை தரும் கம்பெனி மண்ணை நனைத்து வெட்டச் சொல்லி, என்95 முகக்கவசம் கொடுத்து, பழைய காசநோயாளியைத் தூசு குறைந்த பணிக்கு மாற்றினால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.